முழங்காலும் மடங்கவில்லை, கச்சேரியையும் விட முடியவில்லை: மூத்த ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மார்கழி சீசனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சென்னை ரசிகர்களிடையே பேச்சு ஆரம்பித்துவிடும். யார் எங்கே பாடுகிறார் என்பது அப்புறம். அந்த சபாவில் படி எத்தனை, பாத்ரூம் எந்தப் பக்கம், ஏசி எவ்வளவு குளிரும் என்பதுதான் முதல் விசாரணை. அறுபது தாண்டியவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கேட்டவற்றைத் தொகுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. சபா நாற்காலிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு தேய்ந்த ரசிகன், அவ்வளவுதான். மருந்து பற்றி இங்கே இருப்பதை உங்கள் டாக்டரிடம் கேட்பதற்கான கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

வயசாகிவிட்டது. இனிமேல் வீட்டிலேயே யூடியூபில் கேட்டுக்கொண்டால் போதாதா?

போதும் என்று தோன்றினால் போதும், அதில் ஒன்றும் குறைவில்லை. 2020 டிசம்பரில் பெரும்பாலான கச்சேரிகள் இணையத்தில்தான் நடந்தன. சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, காபி குடித்துக்கொண்டு கேட்டோம். ஆனால் அரங்குகள் திறந்ததும் முதல் வரிசைகளில் நரைத்த தலைகள்தானே திரும்பி வந்தன? பாடகர் ஒரு பிடியைப் பிடித்துவிட்டு வயலின்காரரைத் திரும்பிப் பார்ப்பதும், பக்கத்துச் சீட்டில் இருப்பவர் தன்னை மறந்து 'பலே' என்பதும் வீட்டுக்கு வருவதில்லை.

என்னைக் கேட்டால், குறைக்க வேண்டியது கச்சேரிக்குப் போவதை இல்லை, அளவைத்தான். மத்தியானம் ஒரு இலவசக் கச்சேரி, நாலு மணிக்கு ஒன்று, நடுவில் கேன்டீன், ராத்திரி இன்னொன்று என்று ஓடியதெல்லாம் ஐம்பது வயது வரைக்கும். இப்போது ஒரு நாளைக்கு ஒன்று, அடுத்த நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கச்சேரியில் பாதி மட்டும் கேட்டுவிட்டு வந்தாலும் அது கச்சேரி கேட்டதுதான். டிக்கெட் பணம் வீணாகிறதே என்று இடுப்பு வலியோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) தொண்ணூறை ஒட்டிய வயதிலும் மேடையில் பாடினார். 1935-ல் பிறந்த உமையாள்புரம் சிவராமன் எண்பது தாண்டியும் மிருதங்கத்தோடு மேடையில் உட்கார்ந்தார். 'அவராலேயே முடியும்போது உனக்கென்ன?' என்று வீட்டில் யாராவது கேட்டால் பதில் சுலபம்: அவர்கள் சின்ன வயதிலிருந்து அப்படி உட்கார்ந்து பழகியவர்கள், நாம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர்கள்.

இரண்டரை, மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. என்ன செய்வது?

முதல் வேலை, நடைபாதை ஓரச் சீட்டு. முன் வரிசையின் நடுவில் கிடைக்கிற இடத்தைவிடப் பத்தாவது வரிசையின் ஓரம் மேல். ஆன்லைனில் இடம் தேர்ந்தெடுக்க முடிந்தால் படத்தைப் பார்த்து எடுங்கள். சீசன் டிக்கெட் வாங்கும்போது கௌண்டரில் 'ஓரச் சீட்டு, முழங்கால் தொந்தரவு' என்று சொல்லியே கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், வரிசையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவரும் அதையேதான் கேட்கப்போகிறார்.

அடுத்தது, கச்சேரியின் அமைப்பைப் பயன்படுத்திக்கொள்வது. பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வழிப்படுத்திக் கொடுத்த முறையில்தான் இன்றைக்கும் பெரும்பாலான கச்சேரிகள் போகின்றன. வர்ணம், இரண்டு மூன்று கீர்த்தனைகள், கொஞ்சம் விஸ்தாரமாக ஒன்று, பிறகு ஆலாபனை, நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனத்தோடு (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) மெயின் உருப்படி. சில நாள் ராகம் தானம் பல்லவி. கடைசியில் துக்கடாக்கள் என்கிற சின்னப் பாட்டுகள், மங்களம். ஆறரைக்கு ஆரம்பிக்கும் கச்சேரியில் ஏறக்குறைய ஏழரையிலிருந்து எட்டேகாலுக்குள் மெயினுக்குள் போய்விடுவார்கள். ஆக, உங்களுக்கு எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்யுங்கள். கனமான ஆலாபனைதான் உயிர் என்றால் ஏழு மணிக்குப் போய் உட்காருங்கள். துக்கடாவும் திருப்புகழும்தான் பிடிக்கும் என்றால் இன்னும் தாமதமாகப் போங்கள்.

எழுந்து நடக்க வேண்டுமானால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டல் எழும்பும் நேரம்தான் சரி. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போவது நம் ஊரில் ஊறிப்போன பழக்கம். மிருதங்கக்காரர் அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார். மெயின் தொடங்குவதற்கு முன்பே ஒரு நடை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தால் தனியை நிம்மதியாகக் கேட்கலாம்.

உட்கார்ந்திருக்கும்போது குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள். பாட்டுக்கு ஒரு தடவை செய்தால் போதும். பஸ்ஸிலும் விமானத்திலும் 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடும் என்பார்களே, அது சபா நாற்காலிக்கும் பொருந்தும், அதுவும் அடுத்தடுத்து இரண்டு கச்சேரி கேட்பவர்களுக்கு. இடுப்புக்கு ஒரு சின்னத் தலையணை கொண்டுபோகலாம். மடித்த சால்வையே போதும்.

திருவையாறு ஆராதனைக்குப் போக ஆசை. தரையில் உட்கார வேண்டுமே?

ஆமாம், பந்தலில் தரைதான். தியாகராஜர் சித்தியடைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காலையில், அவருடைய நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து பஞ்சரத்னங்களையும் எல்லோரும் சேர்ந்து பாடும்போது நெருக்கியடித்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் எழுந்து வருவது கஷ்டம். சம்மணம் போட முடியாதவர்கள் பந்தலின் ஓரத்திலேயே, பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பமோ துணையோ உள்ள இடமாகப் பாருங்கள். மடக்கு ஸ்டூல் கொண்டுபோனால் ஓரத்தில்தான் போட வேண்டும், பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கக் கூடாது.

தஞ்சாவூரில் அறை எடுத்துத் தங்கிவிட்டு அதிகாலையில் கிளம்புவது நல்லது. முந்தின நாள் ராத்திரி சென்னையிலிருந்து பயணம் செய்து, தூங்காமல் நேராகப் பந்தலுக்குப் போவதெல்லாம் வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு. பஞ்சரத்னக் கூட்டத்தை வானொலியிலோ தூர்தர்ஷனிலோ நேரலையில் கேட்டுவிட்டு, ஆராதனை நாட்களில் கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம் நேரில் போங்கள். காவிரிக் கரையில் உட்கார்ந்து பெயர் தெரியாத ஒரு இளம் வித்வான் பத்து நிமிடம் பாடுவதைக் கேட்பதில் தனி சுகம் இருக்கிறது.

ராகம் நன்றாகக் கேட்கிறது. ஆனால் சாகித்யம் புரியவில்லை, எல்லா வார்த்தையும் குழம்புகிறது. பாடகர்கள் உச்சரிப்பு கெட்டுவிட்டதா?

சிலருடையது கெட்டுத்தான் இருக்கிறது, அது வேறு வழக்கு. ஆனால் எல்லாப் பாடகரும் ஒரே வருடத்தில் குழற ஆரம்பித்தது போலத் தோன்றினால் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்ச அதிர்வெண்களை. மனிதக் குரலில் ஸ்வரத்தைச் சுமப்பது உயிரெழுத்து. அதன் அடிப்படை ஒலி கீழ், நடு அதிர்வெண்களில் இருக்கிறது, அதனால் 'ஆ' என்று இழுக்கும் ஆலாபனை முழுசாக வந்து சேர்கிறது. ச, த, க, ட போன்ற மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் நுணுக்கமான ஒலி ஏறக்குறைய 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அதுதான் தேய்ந்துபோகிறது. எனவே ராகம் தங்குகிறது, வார்த்தை கழன்றுவிடுகிறது. தம்புராவின் ரீங்காரமும் கஞ்சிராவின் சலங்கையும் மங்குவதும் இதே காரணத்தால்தான்.

'எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது' என்று சாதிப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கேன்டீன் இரைச்சலில் எதிரே இருப்பவர் சொல்வது புரிகிறதா? புரியவில்லை என்றால் ஆடியோகிராம் என்கிற காது சோதனையை எடுத்துவிடுங்கள். அரை மணி நேர வேலை. சில சமயம் காதில் அடைத்த அழுக்கே காரணமாக இருக்கும், டாக்டர் எடுத்துவிட்டால் தீர்ந்தது. ஒரு காதில் மட்டும் திடீரென்று கேட்காமல் போனால் மட்டும் மறுநாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே இஎன்டி டாக்டரிடம் போக வேண்டிய விஷயம் அது.

அதுவரை ஒரு எளிய வழி. தெரியாத கீர்த்தனையாக இருந்தால் பல்லவியை மொபைலில் தேடி எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். வார்த்தை தெரிந்துவிட்டால் காதுக்குக் கேட்காத எழுத்தையும் மூளை நிரப்பிக்கொள்ளும். திரையின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் சபிப்பார்.

காது மெஷின் போட்டதிலிருந்து வயலின் கீச்சிடுகிறது, தம்புரா வந்து வந்து போகிறது. கழற்றி வைத்துவிட்டுத்தான் கேட்கிறேன். சரியா?

கழற்ற வேண்டியதில்லை, அமைப்பை மாற்ற வேண்டும். செவித்துணைக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. இசைக்கு அவை செய்யும் மூன்று காரியங்கள் தொந்தரவு. ஒன்று, ஃபேன், ஏசி போல மாறாமல் ஒலிப்பதை இரைச்சல் என்று நினைத்துக் குறைத்துவிடும். தம்புராவும் மாறாமல் ஒலிப்பதுதானே? அதுதான் வந்து வந்து போகிறது. இரண்டு, கருவியே 'கூ' என்று ஊளையிடாமல் இருக்க ஒரு தடுப்பு உண்டு. வயலின்காரர் மேலே தார ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தில் நின்றால் அதை ஊளை என்று எடுத்துக்கொண்டு எதிர் ஒலி போடும். நீங்கள் கேட்கும் கீச்சு பெரும்பாலும் அதுதான். மூன்று, சத்தம் கூடும்போது அமுக்கி, குறையும்போது தூக்கிவிடும். பாடகர் உயிரைக் கொடுத்துக் கீழே இறக்கிய மந்திர ஸ்தாயியும் மேலே எட்டிய பஞ்சமமும் ஒரே உயரத்தில் கேட்கும்.

இவற்றைத் தளர்த்தி 'மியூசிக் புரோகிராம்' என்று தனியாக ஒன்று வைத்துத் தர, கருவியைப் பொருத்தித் தரும் ஆடியாலஜிஸ்ட்டால் முடியும். இப்போதைய கருவிகள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. போகும்போது மொபைலில் ஒரு சுருதிப் பெட்டி செயலியும் உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு பாட்டின் ஒலிப்பதிவும் கொண்டுபோங்கள். அவர் முன்னாலேயே தம்புராவை ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். சில விநாடியில் அது மங்கினால் இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம், விடாமல் மாற்றச் சொல்லுங்கள். வெறுமனே 'பாட்டு சரியாக இல்லை' என்று சொன்னால் அவருக்கு எதை மாற்றுவது என்று தெரியாது. சீசனுக்கு முன்னால், நவம்பரிலேயே இதைச் செய்துவிடுங்கள். பாட்டரி அல்லது சார்ஜ், கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

சபாவிலேயே மைக் சத்தம் தாங்கவில்லை. எங்கே உட்காருவது?

நியாயமான புகார். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று சொன்னவர். இன்றைக்கு மிருதங்கம், கடம், வயலின் மூன்றும் ஆளாளுக்கு மேடையில் தனி ஸ்பீக்கர் (மானிட்டர்) கேட்கிறார்கள். காது கொஞ்சம் மந்தமானவர்களுக்கு இதில் இரட்டைத் தொல்லை: மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தம் உறைக்கும். இரண்டும் ஒரே காதில் நடக்கும். வயதானவர்கள் 'சத்தமாகப் பேசு' என்று சொல்லிவிட்டு, பேசினால் 'ஏன் கத்துகிறாய்' என்று கோபிப்பது இதனால்தான்.

ஸ்பீக்கருக்கு நேர் எதிரான முன்வரிசை ஓரங்களைத் தவிருங்கள். மேடைக்கு நடுவாக, ஐந்திலிருந்து பத்தாவது வரிசைக்குள் கிடைத்தால் பரவாயில்லை. பால்கனியின் கீழே போய்ப் பதுங்கினால் சத்தம் குறையும், ஆனால் மங்கலாகவும் கேட்கும். என் கட்சி சின்ன அரங்குதான். லஸ் பக்கம் ராகசுதா ஹால் போன்ற இடங்களில் பாடகர் நமக்கு எதிரே, வீட்டுக் கூடத்தில் இருப்பது போல இருப்பார். பெரிய பெயர்களைப் பெரிய அரங்கில் துரத்துவதைக் குறைத்துக்கொண்டால் காதுக்கும் காலுக்கும் நல்லது.

பேரன் சினிமா இசை நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கித் தந்திருக்கிறான். மைதானத்தில் நடக்கிறது. போகலாமா?

போகலாம், டிக்கெட்டை முதலில் பாருங்கள். மேடைக்கு முன்னால் நிற்கும் பகுதி என்றால் அன்பாக மறுத்துவிட்டு, எண்ணிட்ட நாற்காலிக்கு மாற்றச் சொல்லுங்கள். நாலு மணி நேரம் நிற்பது முதுகுக்கு ஆகாது. நெருக்கடி வந்தால் வெளியே வரவும் முடியாது. 2023 செப்டம்பரில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த நிகழ்ச்சியில், டிக்கெட் கையில் இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியவர்கள் ஏராளம். வாலிபர்களே மூச்சுத் திணறினார்கள். எனவே சீக்கிரம் போங்கள், வெளியேறும் வழி எது என்று வெளிச்சம் இருக்கும்போதே பார்த்து வையுங்கள்.

சத்தம் இங்கே உண்மையான ஆபத்து. வேலையிடங்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 94 டெசிபலில் 1 மணி நேரம், 100 டெசிபலில் 15 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்ச வரம்பும் சராசரி 100 டெசிபல்தான். மைதான நிகழ்ச்சிகளில் ஸ்பீக்கர் பக்கம் அது எளிதில் தாண்டும். காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்றது உச்ச ஒலியை மட்டும் அதிகம் அமுக்கிப் பாட்டை மந்தமாக்கும். இசைக் கலைஞர்களுக்கென்று விற்கும் வகை எல்லா ஒலியையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பாட்டு கெடாது. காது மெஷினை அணைத்துவிட்டு அப்படியே மாட்டிக்கொண்டிருப்பது காதடைப்பான் ஆகாது.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வாசல் சோதனையில் அட்டையைக் காட்டுங்கள், பெரிய ஸ்பீக்கர் மேல் சாய்ந்து நிற்காதீர்கள், அதற்குள் காந்தம் இருக்கிறது. தண்ணீர் பாட்டிலை வாசலில் வாங்கிவிடுவார்கள். மாத்திரையை உள்ளே விட மாட்டோம் என்று சொன்னால் மருந்துச் சீட்டின் நகலைக் காட்டலாம், கையோடு வைத்திருங்கள்.

அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கிறது. அதற்குப் பயந்தே போவதில்லை.

இதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, ஆனால் அதிகம் பேர் கச்சேரியை நிறுத்துவது இதனால்தான். தண்ணீரே குடிக்காமல் போவது தீர்வு இல்லை. தலைசுற்றல் வரும், சிறுநீர் கடுத்து இன்னும் உறுத்தும். காலையிலிருந்து நன்றாகக் குடித்துவிட்டுக் கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் முன்னால் குறைத்துக்கொள்ளுங்கள். கேன்டீன் டிகிரி காபியைக் கச்சேரிக்கு முன்னால் குடிக்காமல் பின்னால் குடியுங்கள். கஷ்டம்தான், தெரியும். பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கச்சேரி நாளில் எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆண்களுக்குப் புரோஸ்டேட், பெண்களுக்குச் சிரித்தால் இருமினால் கசிவது, இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. 'வயசானால் அப்படித்தான்' என்று விட்டுவிட வேண்டாம்.

ஆலாபனை நடுவில் இருமல் வந்துவிடுகிறது.

ஏசி காற்று நேராக விழும் இடமா என்று உட்காரும் முன் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கழுத்தில் மஃப்ளர், ஃபிளாஸ்கில் வெந்நீர். சுக்கு மிட்டாய் என்றால் காகிதத்தை வீட்டிலேயே பிரித்து ஒரு சின்ன டப்பாவில் போட்டு வாருங்கள். இருமலைவிட அந்தச் சரசரப்புதான் அடுத்தவரைக் கொல்கிறது.

சளியே இல்லாமல் மாதக்கணக்கில் வறட்டு இருமல் இருந்தால் உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். எனாலப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் வகைக்கு வறட்டு இருமல் நன்றாகத் தெரிந்த பக்க விளைவு. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்ற முடியும். வருஷக்கணக்கில் கஷாயம் குடித்தும் நிற்காத இருமல் அப்படி நின்ற கதைகள் உண்டு.

சர்க்கரை இருக்கிறது. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்குத் தள்ளிப்போகிறது. பரவாயில்லையா?

என்ன மருந்து என்பதைப் பொறுத்தது. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ என்றால் கவனம் தேவை. மருந்தை வழக்கமான நேரத்தில் போட்டுவிட்டு சாப்பாட்டைத் தள்ளினால் சர்க்கரை இறங்கும். அரங்கின் குளிரிலும் வியர்த்தால், கை நடுங்கினால், திடீரென்று பாட்டில் மனம் ஒட்டாமல் எரிச்சல் வந்தால், அது பாடகர் குற்றமாக இல்லாமல் இருக்கலாம். உடனே 15 கிராம் குளுக்கோஸ், இல்லையென்றால் 3 டீஸ்பூன் சர்க்கரை. 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும், கைப்பையின் அடியில் வேண்டாம்.

நடைமுறையில் நல்லது, ஆறு மணிக்கே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு உட்காருவது. மற்றபடி அந்த அசோகா அல்வா விஷயத்தில் நான் தலையிடவில்லை.

கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டும்போது தலை சுற்றுகிறது.

நீங்கள் உட்கார்ந்தே தட்டுங்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்தபின் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கும். பிரஷர் மாத்திரையோடு டாம்சுலோசின் போன்ற புரோஸ்டேட் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு இது அதிகம். கெண்டைக்காலை நாலைந்து தடவை இறுக்கித் தளர்த்தி, முன்சீட்டின் முதுகைப் பிடித்து எழுந்து, பத்து விநாடி நின்றுவிட்டு நடங்கள். அடிக்கடி சுற்றினால் படுத்தபடியும் நின்றபடியும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள்.

தூங்கிவிடுகிறேன். அவமானமாக இருக்கிறது.

தாலாட்டு ராகமான நீலாம்பரியில் தூங்கினால் பாடகருக்குப் பாராட்டு. மற்ற ராகங்களில் தூங்கினாலும் யாரும் கண்டுகொள்வதில்லை, குறட்டை விடாதவரை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் படுத்துவிட்டு வந்தால் மாலையில் தாங்கும். சளிக்குப் போடும் செட்ரிசின் தூக்கத்தைக் கூட்டும். வீட்டிலும் பெரிய குறட்டை, பகலெல்லாம் தூக்கம் என்றால் அது கச்சேரிப் பிரச்சினை இல்லை, உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கலாம்.

ராகம் தெரிகிறது, பெயர் வர மாட்டேன் என்கிறது. மறதி நோயா?

பெயர் நாக்கு நுனியில் நிற்பது வயதில் சகஜம். ராகத்தின் முகம் தெரிகிறதா, அதில் வேறு கீர்த்தனை ஒன்று ஓடுகிறதா, அப்படியென்றால் ஞாபகம் பத்திரமாக இருக்கிறது. நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு பாட்டு, ராகம், தாளம் எழுதும் மாமிகளை முன்பு கேலி செய்வார்கள். இப்போது நாம் போய் அவர்களிடம்தான் கேட்கிறோம். பழகிய சபாவிலிருந்து வீட்டுக்கு வழி மறந்தால், கேட்ட கச்சேரியே மறுநாள் நினைவில் இல்லை என்றால், அப்போது டாக்டர்.

தாளம் போட்டால் தோள் வலிக்கிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். கையை ஓங்காமல் விரல் நுனியால் தொடையில் போடுங்கள். பக்கத்துச் சீட்டுக்காரர் நன்றி சொல்வார், குறிப்பாகத் தாளம் தவறும்போது.

அரங்கில் இருட்டில் படி தெரியவில்லை.

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழைந்தால் வயதான கண்ணுக்குப் பழக நேரம் பிடிக்கும். கதவருகே ஒரு நிமிடம் நில்லுங்கள். பைஃபோகல், புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் குனிந்து படியைப் பார்த்தால் படிக்கிற பகுதி வழியாகப் பார்க்கிறீர்கள், அதனால் படி கலங்கும். தாடையை நன்றாகத் தாழ்த்தி மேல்பகுதி வழியாகப் பாருங்கள், இல்லாவிட்டால் தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பால்கனி மலிவுதான், ஆனால் படி செங்குத்து. மேடை விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிந்தால் கண்புரை வந்திருக்கலாம்.

அப்பாவுக்கு 84 வயது, வீல்சேரில் இருக்கிறார். சீசனுக்கு ஒரு தடவையாவது அழைத்துப்போக வேண்டும். எப்படி?

முதலில் அப்பாவையே கேளுங்கள், யார் பாட்டு வேண்டும் என்று. உங்களுக்கு டிக்கெட் கிடைத்த கச்சேரிக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம் சபா அலுவலகத்துக்கு போன். சாய்தளம் இருக்கிறதா, அரங்கு தரைத்தளமா, இல்லை லிஃப்ட் உண்டா, வீல்சேர் நுழையும் மேல்நாட்டுக் கழிப்பறை எங்கே, வண்டியை வாசல்வரை விடுவார்களா? 'எல்லாம் இருக்கு சார்' என்று சொல்வார்கள். நேரில் ஒரு நடை போய்ப் பார்த்துவிடுங்கள். சாய்தளத்தில் நோட்டீஸ் பலகை சாத்தி வைத்திருப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பொது இடங்களில் இந்த வசதிகளைக் கேட்கிறது, சலுகையாகக் கெஞ்ச வேண்டியதில்லை.

மத்தியானக் கச்சேரியாகத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் குறைவு, டிராபிக் குறைவு, பல சபாக்களில் டிக்கெட்டே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம். மயிலாப்பூர், லஸ் பக்கம் மெட்ரோ வேலையால் பாதை மாறிக்கொண்டே இருக்கும், அரை மணி நேரம் கூட வைத்துக் கிளம்புங்கள். மருந்துப் பட்டியலும் உங்கள் எண்ணும் எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். ஒரு மாற்று வேட்டி, ஒரு சால்வை, மங்கி கேப்.

திரும்பும்போது துக்கடா ஆரம்பித்ததும் வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். மங்களம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் மொபைலை எடுத்தால் ஒரு ஆட்டோவும் வராது. அப்பா 'மங்களம் வரை இருக்கணும்' என்று பிடிவாதம் பிடித்தால், இருங்கள். கூட்டம் கலையும்வரை கேன்டீனில் உட்கார்ந்து, அவர் யாரை யாரோடு ஒப்பிடுகிறார் என்று கேட்டுக்கொண்டிருங்கள்.